டஸ்டர், டெரானோ, லாட்ஜி, கேப்சர், கிக்ஸ்: அறிகுறியைப் பிடித்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

ஒரு டஸ்டரையும் ஒரு டெரானோவையும் அருகருகே நிறுத்தி, முன்சக்கரத்தின் நடுவிலிருந்து பின்சக்கரத்தின் நடுவரை டேப் பிடித்துப் பாருங்கள். இரண்டிலும் 2,673 மி.மீ. வரும். கேப்சரிலும், இந்தியாவில் விற்ற கிக்ஸிலும் அதே அளவுதான். லாட்ஜி மட்டும் 2,810 மி.மீ. அதுவும் இதே குடும்பம்தான், மூன்று வரிசை இருக்கைக்காக நீட்டியது. டெரானோவும் கிக்ஸும் நிசான் பெயரில் விற்றவை, மற்ற மூன்றும் ரெனால்ட் பெயரில். ஐந்தும் சென்னையை அடுத்த ஒரகடத்தில், 2010-இல் தொடங்கிய ரெனால்ட்-நிசான் தொழிற்சாலையில் பிறந்தவை.

அடியில் இருப்பது பி-ஜீரோ என்ற பிளாட்ஃபார்ம், அதாவது பல வண்டிகளுக்குப் பொதுவான அடிச்சட்டம். 2004-இல் ருமேனியாவின் டாசியா லோகன் காருக்காக வந்தது. 2007-இல் மஹிந்திரா ரெனால்ட் லோகனாக இங்கே வந்து, பிறகு வெரிட்டோ ஆனது. அதன்மேல்தான் 2012-இல் டஸ்டர், 2013-இல் டெரானோ, 2015-இல் லாட்ஜி, 2017-இல் கேப்சர், 2019-இல் கிக்ஸ். புதிய தலைமுறை டஸ்டர் வேறு பிளாட்ஃபார்ம். கீழே எழுதியிருப்பது அதற்குப் பொருந்தாது.

இந்தப் பழைய வண்டிகளை வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் பதில், "அந்த மாடலே நின்னு போச்சு சார், சாமான் வராது." அதை நம்பி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியை அடிமாட்டு விலைக்குத் தள்ளியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பெயரில் கிடைக்காத சாமான் இன்னொரு பெயரில் கடையில் தூசு படிந்து கிடக்கும். கோளாறும் அப்படித்தான். டெரானோவில் யாரும் கண்டுபிடிக்காத பழுதை லாட்ஜி ஓட்டுநர் நேற்றே சரி செய்திருப்பார்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

கோளாறு என்ஜினிலா, அடிச்சட்டத்திலா? இரண்டுக்கும் சொந்தக்காரர்கள் வேறு வேறு.

டீசல் என்றால் உள்ளே இருப்பது கே9கே என்ற 1,461 சிசி என்ஜின். இந்த ஐந்து வண்டிகளில் 85 பிஎஸ் (குதிரைத்திறன்), 110 பிஎஸ் என இரண்டு விதமாக வந்தது. லோகன், வெரிட்டோவில் 65 பிஎஸ். இதே என்ஜின் சன்னி, ஸ்காலா, மைக்ரா, பல்ஸ் டீசல் வண்டிகளிலும் உண்டு. ஆனால் அவற்றின் அடிச்சட்டம் வேறு. ஐரோப்பாவில் மெர்சிடிஸ் ஏ-கிளாஸில்கூட இந்த என்ஜினைப் போட்டார்கள். ஆகவே டீசல் பம்ப், ஃபில்டர், சென்சார் என்று தேடும்போது வலையைப் பெரிதாக வீசலாம். லோயர் ஆர்ம், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் என்றால் பி-ஜீரோ குடும்பத்துக்குள் மட்டும்தான் தேட வேண்டும். சன்னியின் லோயர் ஆர்மை டெரானோவுக்குக் கேட்டு அலையாதீர்கள்.

என்ஜின் ஸ்டிக்கரில் கே9கே என்பதற்குப் பின்னால் மூன்று இலக்கம் இருக்கும். அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டர்போ, இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் சாமான்), ஈசியூ (என்ஜினை ஆளும் கணினி) மூன்றும் அந்த மூன்று இலக்கத்தைப் பொறுத்தே மாறும். டிக்கியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பொறுத்து மாறாது.

ஈசியூ பதிந்து வைத்திருக்கும் கோளாறு எண்ணைப் படிக்கும் கருவிதான் ஸ்கேனர். அதைச் செருகும் ஓபிடி சாக்கெட் டஸ்டரில் கிளவ் பாக்ஸுக்குள் இருக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே தடவிக்கொண்டிருக்க வேண்டாம்.

அறிகுறி: செல்ஃப் சோம்பலாகச் சுற்றுகிறது, அல்லது "டக்" என்று நின்றுவிடுகிறது

பேட்டரியை மாற்றுவதற்கு முன்னால் எர்த் வயரைச் சோதியுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை என்ஜின் பிளாக்கின் சுத்தமான உலோகத்திலும் வையுங்கள். இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மீட்டரில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு எர்த்தில். பாடிக்கும் கியர்பாக்ஸுக்கும் போகும் பின்னல் வயரின் முனையைக் கழற்றினால் பச்சை பூத்திருக்கும். கடற்கரை ஓர ஊர் வண்டிகளில் இது சர்வ சாதாரணம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள்.

எர்த் நன்றாக இருந்தால்தான் பேட்டரி, அதன் பிறகு செல்ஃப் மோட்டார். இந்த வரிசையை மாற்றினால் செலவு தலைகீழாக ஏறும்.

அறிகுறி: செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை

இங்கே அவசரப்படக் கூடாது. மூன்று பேர் மூன்று சாமானைச் சொல்வார்கள். டாஷ்போர்டைப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும்.

சாவியைப் போட்டதும் சிவப்பு இம்மொபிலைசர் விளக்கு வேகமாகக் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தால், வண்டி சாவியை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. வீட்டிலிருக்கும் இரண்டாவது சாவியை எடுத்து வந்து போட்டுப் பாருங்கள். அதில் ஸ்டார்ட் ஆனால் முதல் சாவியில்தான் கோளாறு, டீசல் பக்கமே போக வேண்டாம்.

விளக்கு ஒழுங்காக அணைகிறதா? இப்போது செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். என்ஜின் சுற்றும்போது அது சற்றே எழ வேண்டும். துளியும் அசையாமல் கிடந்தால் என்ஜின் சுற்றுவதே ஈசியூவுக்குத் தெரியவில்லை, டீசலும் விடாது. சந்தேகம் கிராங்க் சென்சார் மேல். ஸ்கேனரில் 0335 என்று முடியும் கோட் வரலாம், வராமலும் போகலாம். சென்சார் கியர்பாக்ஸ் கூட்டின் மேல்பக்கம், ஃப்ளைவீல் பற்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். ஏர் ஃபில்டர் பக்கம் கையை விட்டால் எட்டும்.

ஒரு வண்டி நினைவுக்கு வருகிறது. கதவில் எந்த முத்திரை இருந்தது என்பது முக்கியமில்லை. தாம்பரத்திலிருந்து கிளம்பினால் டோல்கேட் வரிசையில் நின்றுவிடும், இருபது நிமிடம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். அவர் அதற்குள் இரண்டு பேட்டரி மாற்றியிருந்தார், டீசல் பம்புக்கும் விலை கேட்டிருந்தார். சூடாக இருக்கும்போதே செல்ஃப் அடித்துப் பார்த்தேன், முள் அசையவில்லை. சென்சார் சாக்கெட்டைக் கழற்றினால் உள்ளே இரண்டு பின்களில் ஒன்று கறுத்து, சாக்கெட்டின் பூட்டு உடைந்து தொளதொளவென்று ஆடிக்கொண்டிருந்தது. சாக்கெட்டையும் சென்சாரையும் மாற்றினோம். சூடானதும் நின்று, ஆறியதும் ஓடும் வண்டியில் முதல் சந்தேகம் எப்போதும் இந்தச் சென்சார்தான்.

முள் எழுகிறது, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால் டீசல் வரும் வழி. பானெட்டுக்குள் டீசல் குழாயில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு கறுப்பு ரப்பர் பல்பு இருக்கும். ஃபில்டர் மாற்றினால் காற்றை வெளியேற்ற அமுக்குவது அதைத்தான். காலையில் முதல்முறை செல்ஃப் அடிப்பதற்கு முன் அதை அமுக்கிப் பாருங்கள். கல் போல இருந்தால் நல்லது. கொழகொழவென்று இருந்து, பத்துத் தடவை அமுக்கியதும் இறுகி, வண்டி உடனே ஸ்டார்ட் ஆனால், இரவில் டீசல் டேங்குக்குத் திரும்பிப் போகிறது. எங்கேயோ காற்று நுழைகிறது. ஃபில்டரில் செருகும் கிளிப் மூட்டுகளின் ஓரிங்கை (ரப்பர் வளையத்தை) முதலில் பாருங்கள். ஃபில்டர் மாற்றிய சில நாளில் தொடங்கிய கோளாறு என்றால் பெரும்பாலும் அங்கேதான்.

காலையில் லேட்டாக ஸ்டார்ட் ஆகிறது என்றவுடன் க்ளோ பிளக் (குளிரில் சிலிண்டரைச் சூடேற்றும் பிளக்) என்று சொல்பவர்கள் உண்டு. ஊட்டியில், கொடைக்கானலில் அது சரி. சென்னையிலும் மதுரையிலும் இந்த என்ஜினுக்கு க்ளோ பிளக் இல்லாவிட்டாலும் ஸ்டார்ட் ஆகிவிடும். சமவெளி ஊரில் காலைத் தகராறு என்றால் நான் பல்பைத்தான் முதலில் தொடுவேன்.

சூட்டில் நீண்ட நேரம் செல்ஃப் வாங்குகிறது, ஸ்கேனரில் 0087 என்று டீசல் அழுத்தக் குறைவு காட்டுகிறது என்றால் இன்ஜெக்டர் வழியாக டீசல் அதிகமாகத் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் நான்கு பாட்டிலில் விட்டு என்ஜினை ஓடவிட்டால், பழுதான இன்ஜெக்டரின் பாட்டில் மற்றதைவிட வேகமாக நிறையும். அதோடு ஃபில்டரைக் கழற்றி, அதிலுள்ள டீசலை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள். வெள்ளி ஜிகினா போல மினுமினுத்தால் பம்ப் உள்ளே தேய்ந்து இரும்புத்தூள் விடுகிறது. அந்த நிலையில் இன்ஜெக்டரை மட்டும் மாற்றினால் புது இன்ஜெக்டரும் கெடும். பம்ப், டேங்க், குழாய் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. என்ஜின் ஓடும்போது ஸ்டீல் டீசல் குழாயின் நட்டை ஒருபோதும் தளர்த்தாதீர்கள். பழைய டீசல் என்ஜின் பழக்கத்தில் அப்படிச் செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உள்ளே அழுத்தம் 1,000 பாருக்கு (காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்கு) மேலும் ஏறும். ஊசி போலத் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

அறிகுறி: நான்கு சிலிண்டரில் ஒன்று வேலை செய்யவில்லை

ஸ்கேனர் "முதல் சிலிண்டர்" என்று சொல்லும். எது முதல்? பெரும்பாலான கார்களில் பெல்ட் இருக்கும் பக்கத்திலிருந்து எண்ணுவோம். இந்த ரெனால்ட் என்ஜின்களில் முதல் சிலிண்டர் ஃப்ளைவீல் பக்கம், அதாவது கியர்பாக்ஸ் ஓரம். பழக்க தோஷத்தில் பெல்ட் பக்கத்திலிருந்து எண்ணி, நல்ல இன்ஜெக்டரைக் கழற்றிவிட்டுக் கெட்டதை உள்ளேயே விட்டிருக்கிறேன். வண்டிக்காரர் இரண்டு நாளில் திரும்பி வந்தார். அன்றிலிருந்து பானெட்டைத் திறந்ததும் கியர்பாக்ஸ் ஓரத்து இன்ஜெக்டரில் சாக்பீஸால் 1 என்று எழுதிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன். பக்கத்து வேலையாளையும் எழுதச் சொல்கிறேன்.

புது இன்ஜெக்டர் போட்டால் அதன் தலையில் பொறித்திருக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீட்டை ஸ்கேனர் மூலம் ஈசியூவில் ஏற்ற வேண்டும். இடம் மாற்றிப் போட்டாலும் அப்படியே. ஏற்றாமல் விட்டால் வண்டி ஓடும். ஆனால் நடுங்கும், புகை விடும்.

1.6 பெட்ரோல் என்றால் ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனிக் காயில். மழையில் நனைந்த பிறகு வண்டி குலுங்கினால், சந்தேகப்படும் காயிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே நகர்ந்தால் காயில். நகரவில்லை என்றால் பிளக்கைப் பாருங்கள்.

அறிகுறி: இழுவை இல்லை, கறுப்புப் புகை, மேட்டில் மூச்சு வாங்குகிறது

பெரும்பாலும் டர்போவிலிருந்து வரும் காற்று வழியில் கசிகிறது. இன்டர்கூலர் ரப்பர் குழாய்களின் மூட்டில் கையை வைத்துத் தடவுங்கள். லேசான ஆயில் ஈரம் எல்லா வண்டியிலும் இருக்கும். ஓர் இடத்தில் மட்டும் கறுத்து வழிந்திருந்தால், அங்கே கிளிப் தளர்ந்திருக்கும் அல்லது குழாயின் அடிப்பக்கம் கிழிந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் கிழிசல் தெரியாது. குழாயைக் கழற்றிப் பிசைந்து பார்த்தால்தான் வாய் திறக்கும். ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது விசில் சத்தம் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

குழாய் நன்றாக இருந்தால், புகையில் ஒரு பகுதியை மீண்டும் என்ஜினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வில் கரி அடைத்திருக்கிறதா என்று கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். 110 பிஎஸ் வண்டியில் டர்போவின் உள் இதழ்கள் அசைந்து கொடுக்கும் வகை. ஊருக்குள்ளேயே இரண்டாவது கியரில் உருட்டிக்கொண்டிருக்கும் வண்டியில் அவை கரி பிடித்து இறுகும். ஸ்கேனரில் 0299 வந்த உடனே டர்போவை மாற்றச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். அந்தக் கோட் "காற்றழுத்தம் குறைவு" என்று மட்டும்தான் சொல்கிறது. குழாய் கிழிந்தாலும் அதேதான் வரும்.

அறிகுறி: ஓடும்போது ஏசி குளிர்கிறது, சிக்னலில் நின்றால் வெந்நீர்

இந்தக் குடும்பத்தில் எனக்கு அதிகமாக வரும் புகார் இதுதான், அதிகமாகத் தவறாக வைத்தியம் பார்க்கப்படுவதும் இதுதான். கடைக்குப் போனால் கேஸ் போடுவார்கள். ஒரு வாரத்தில் மீண்டும் அதே கதை. அடுத்துக் கம்ப்ரஸர் என்பார்கள்.

வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, ஏசியைப் போடுங்கள். ரேடியேட்டர் ஃபேன் சற்று நேரத்தில் மெதுவான வேகத்தில் சுற்றத் தொடங்க வேண்டும். சுற்றாமல் அப்படியே நின்று, என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு திடீரென்று முழு வேகத்தில் "ஹோ" என்று இரைந்தால், ஃபேன் மோட்டார் நல்லது. மெது வேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்துவிட்டது. ஃபேன் சட்டத்தில் பொருத்தியிருக்கும் சின்னச் சாமான் அது. சாக்கெட்டைக் கழற்றினால் பிளாஸ்டிக் பழுப்பாக உருகியிருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அப்படி இருந்தால் சாக்கெட்டையும் சேர்த்து மாற்றுங்கள். உருகிய சாக்கெட்டில் புது ரெசிஸ்டரைச் செருகினால் அதுவும் உருகும்.

இன்னும் உறுதி வேண்டுமா? ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பாட்டில் தண்ணீரை முன்பக்க கிரில் வழியாகக் கண்டன்ஸர் (ஏசியின் சூட்டை வெளியேற்றும் பாகம்) மேல் மெதுவாக ஊற்றுங்கள். அரை நிமிடத்தில் உள்ளே காற்று ஜில்லென்று மாறினால், கேஸும் கம்ப்ரஸரும் சரியாக இருக்கின்றன, சூடு வெளியேற வழியில்லை என்று அர்த்தம். ஃபியூஸையும் ரிலேயையும் ஒருமுறை பார்த்துவிட்டு ரெசிஸ்டருக்குப் போங்கள். ரெசிஸ்டரில் அளவு வித்தியாசம் உண்டு, பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது.

முழு வேகமும் வரவில்லை என்றால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். அது ஏசிப் பிரச்சினை அல்ல, ஹெட் கேஸ்கெட் போகும் வழி.

அறிகுறி: ஸ்பீட் பிரேக்கரில் முன்பக்கம் "டக் டக்"

சின்னக் குழியில் பாத்திரம் உருள்வது போலச் சத்தம் வந்தால் லிங்க் ராட். பிரேக் பிடிக்கும்போதோ ரிவர்ஸ் எடுக்கும்போதோ ஒற்றை "டொக்" என்றால் லோயர் ஆர்ம் புஷ். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் இழுத்து விடுவது போல அதிர்ந்தால் மேலே ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங். வண்டியை ஜாக்கியில் ஏற்றி ஸ்டாண்ட் வைத்த பிறகு சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் பால் ஜாயின்ட்டும், இடதும் வலதுமாக ஆட்டினால் ரேக் எண்டும் தங்களைக் காட்டிக்கொடுக்கும். இந்த வண்டிகளின் சஸ்பென்ஷன் மோசமான சாலையைத் தாங்கும். அதனாலேயே ஓட்டுகிறவர்கள் குழியில் வேகத்தைக் குறைப்பதில்லை. தேய்வது இந்தச் சின்ன ரப்பர்கள்தான். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

அறிகுறி: கிளட்ச் பெடல் கீழேயே தங்குகிறது, அல்லது வண்டி அணையும்போது "கடக்" என்கிறது

ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள வண்டியில் பெடல் திரும்பி வராமல், பிரேக் ஆயில் டப்பாவிலும் அளவு இறங்கியிருந்தால், கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் சிலிண்டர் கசிகிறது. கிளட்சும் பிரேக்கும் ஒரே டப்பாவிலிருந்துதான் ஆயில் எடுக்கின்றன. ஆகவே அளவைப் பார்க்காமல் ஓட்ட வேண்டாம். கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். இறக்கிய கையோடு பிளேட்டையும் மாற்றிவிடுங்கள், இறக்கும் கூலி இரண்டாம் முறை வராது. 110 பிஎஸ் வண்டியில் சாவியை அணைக்கும்போது அடியில் "கடகட" என்று அடித்து அடங்கினால் டூயல் மாஸ் ஃப்ளைவீல் (இரண்டு பகுதியாகச் செய்த ஃப்ளைவீல்) தளர்ந்திருக்கலாம். அதைச் சோதித்த பிறகே பிளேட்டுக்கு ஆர்டர் கொடுங்கள்.

அறிகுறி: பெல்ட் பக்கம் கீச்சொலி, கூலன்ட் மெல்லக் குறைகிறது

இதைத் தள்ளிப் போடாதீர்கள். கே9கே-வில் வாட்டர் பம்பைச் சுற்றுவது டைமிங் பெல்ட். பம்ப் கசிந்தால் கூலன்ட் அந்தப் பெல்ட் மேல் விழும். பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை முட்டும், என்ஜினைப் பிரிக்க வேண்டிவரும். வெளியே தெரியும் ஃபேன் பெல்ட் ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கினால் அன்றைக்கே மாற்றுங்கள். அறுந்த நூல் கிராங்க் புல்லிக்குப் பின்னால் நுழைந்து டைமிங் பெல்ட்டைப் பல் தாண்ட வைத்துவிடும்.

கையேட்டில் சொன்ன கி.மீ. வரவில்லை என்று காத்திருக்க வேண்டாம், வருடக் கணக்கும் உண்டு. பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றும் ஒரே செட்டாகப் போட வேண்டும். கேம், கிராங்க் இரண்டையும் பூட்டும் பின் கருவி இல்லாத இடத்தில், பெயின்ட் குறி வைத்து மாற்றித் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கேப்சர், கிக்ஸ், கடைசிக் கால டஸ்டரில் வந்த 1.5 பெட்ரோலுக்கு டைமிங் செயின். அவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடலாம்.

சாமான் தேடும்போது

எண்ணைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சம். ரெனால்டின் புதிய வகை எண் ஒன்பது இலக்கமும் கடைசியில் ஆர் என்ற எழுத்தும். நிசான் எண் நடுவில் கோடு போட்டு ஐந்து ஐந்தாக இருக்கும். இரண்டிலும் முதல் ஐந்து இலக்கம் அது என்ன சாமான் என்பதைச் சொல்கிறது. 15208 என்றால் ஆயில் ஃபில்டர், 16546 ஏர் ஃபில்டர், 41060 முன்பிரேக் பேட். நிசான் எண்ணின் பின்பாதி 00-க்குப் பிறகு க்யூ என்ற எழுத்தோடு வந்தால் அது ரெனால்ட் வழியாக வந்த சாமான். அதே பொருள் ரெனால்ட் எண்ணிலும் இருக்கும். ஒரு கடையில் இல்லை என்றால், பழைய சாமானில் பொறித்த எண்ணைப் போட்டோ எடுத்து, இன்னொரு பெயர் விற்கும் கடைக்கு அனுப்புங்கள். டெரானோ என்று சொல்லாமல் எண்ணை மட்டும் அனுப்பினால் "இருக்கு" என்ற பதில் வருவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

முதல் ஐந்து இலக்கம் ஒத்துப்போனால் மட்டும் வாங்கிவிடாதீர்கள். அது சாமானின் வகை; உங்கள் வண்டிக்கான அளவு மீதி இலக்கத்தில் இருக்கிறது. பம்பர், ஹெட்லைட், கிரில் ஒன்றுக்கொன்று பொருந்தாது. பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் ஈசியூவைத் தனியாக வாங்காதீர்கள். அது பழைய வண்டியின் சாவியோடு கட்டுண்டது, உங்கள் சாவிக்குத் திறக்காது.

பானெட்டின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, அதில் என்ஜின் குறியீட்டின் மூன்று இலக்கத்தையும், கடைசியாக டைமிங் பெல்ட் மாற்றிய தேதியையும் கி.மீ.யையும் எழுதி வையுங்கள். அடுத்து அந்த பானெட்டைத் திறப்பவர் யாராக இருந்தாலும் முதலில் தேடுவது அந்த மூன்றையும்தான்.